லாரியில் வந்த நூலகம்

போன வாரம் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பள்ளி ஒரு பாவமும் செய்யவில்லை. இது இருபது வருடத்துக் கோபம்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டுக்குள் இருந்த ஒரு சின்னத் தனியார் கலைக் கல்லூரியில் அப்போது வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். முதல் வேலை. மழை பெய்தால் செருப்போடு ஒரு படி மண்ணும் வகுப்புக்குள் வரும். ஆனாலும் பேராசிரியன் என்ற மிதப்புக்குக் குறைச்சல் இல்லை. வரலாற்றுக்கு மொத்தம் பதினான்கு பிள்ளைகள். அதில் ஒருத்தி செல்வி. ஓட்டப்பிடாரம் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம்.

பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப்போனபோது கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அப்பக் கட்டுனதா சார், இப்பக் கட்டுனதா?" என்று கேட்டாள். நம் காலத்தில் கட்டியதுதான் என்றேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. ஏதோ நானே அவளைச் செய்து நிறுத்தியதுபோல.

அந்த வருடம் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வந்தது. அதுவரை எங்கள் நூலகம் என்பது பூட்டிக் கிடந்த ஒரு பீரோ. குழு வருவதற்கு முந்தின நாள் சுவருக்கெல்லாம் அவசரமாகப் பெயிண்ட் அடித்தார்கள். அன்று சாயங்காலம், வேறொரு கல்லூரியிலிருந்து லாரியில் புத்தகங்கள் வந்து இறங்கின. மறுநாள் குழுவில் ஒருவர் செல்வியைப் பார்த்து, "லைப்ரரிய நல்லாப் பயன்படுத்துறீங்களாம்மா?" என்றார்.

"இல்ல சார். இது பூரா நேத்து லாரில வந்துச்சு. திரும்பப் போயிரும்னு சொல்லுதாவ."

அவர் சிரித்தார். தட்டிலிருந்த கடலைமிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். கல்லூரிக்கு அனுமதியும் கிடைத்தது.

தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு நாள் கழித்து என்னை அழைத்தார்.

"ஒம்ம வகுப்புப் பிள்ளதான? ஒழுங்கு சரியில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்."

"அவ சொன்னது நெசந்தான அண்ணாச்சி."

"நெசத்த இப்ப எவன்யா கேட்டான்?"

எழுதிக் கொடுத்தேன். எதிர்த்துப் பேச இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இல்லை.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அப்பா வந்தார். "எம்பிள்ள என்ன தப்பு செஞ்சா சார்?" என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். செல்விதான் அவரைக் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"எதுக்கும் ஆதாரம் வேணும்னு சார்தான் சொல்லிக்குடுத்தாவ. ஆதாரம் நேத்தே லாரி ஏறிப் போயிட்டு. வாங்கப்பா."

நடத்தை சரியில்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு வேறெந்தக் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வரலாற்றில்தான். நான் அதே அண்ணாச்சியிடம் இன்னும் நான்கு வருடம் கைகட்டி நின்றேன்.

வரலாற்றுத் துறையை முதலில் மூடினார்கள். பிறகு கல்லூரியே போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். கட்டடத்தை இடிப்பதற்கு முன்பு, நான் எழுதிக்கொடுத்த அந்தக் காகிதத்தைத் தேடி ஒருமுறை போனேன். பழைய பேப்பர்காரருக்கு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று என்றார் காவல்காரர். அதைக் கிழித்துப்போடக்கூட எனக்கு வாய்க்கவில்லை.