சொட்டு ஒழுகாத முரசு

கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் பழகின கையை வைத்துக்கொண்டு, எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவில், முசஃபா பட்டறை ஒன்றில் கார்களுக்கு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம். அண்டா தட்டினவனுக்கு பானெட் எல்லாம் ஒரு வேலையா என்று தினமும் யாரிடமாவது பீற்றிக்கொள்வேன்.

ஹோட்டலில் வாத்தியக்குழு நடத்தும் கோவாக்காரர் ஒருவர் பிக்கப்பில் ஒரு செப்பு முரசை ஏற்றி வந்தார். அண்டா மாதிரி உருண்டை அடி, மேலே கன்றுத்தோல், தோலை இறுக்கச் சுற்றிலும் திருகுகள். இரண்டாக வைத்து வாசிப்பதாம். இதன் ஜோடி கப்பலில் நசுங்கிவிட்டது. இன்னொன்று செய்ய முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார். போர்மேன் வாயைத் திறப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன்.

தோலை நனைத்து வளையத்தில் மடித்துச் செருகி நிழலில் காயவைக்கும் வேலை அவருடையது. பாத்திரம் என்னுடையது. தகட்டைக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, தட்டி, மறுபடி காய்ச்சி, கை மரத்துப்போகும்வரை தட்டினேன். வளைவு மாதிரியில் இருந்தபடியே வந்தது.

மாதிரிக்கு விட்டுப்போன முரசின் தோலைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் நட்டநடுவில் ஒரு ஓட்டை. இத்தனை நாள் ஓட்டைப் பாத்திரத்தையா வாசித்திருக்கிறார் பாவம் என்று மனசு இளகிவிட்டது. பற்றவைத்து, தேய்த்து, இடம் தெரியாமல் அடைத்தேன். புதியதில் ஓட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டிலும் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க வைத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரூமில் இருந்தவர்களை எல்லாம் இழுத்துவந்து காட்டினேன்.

அவர் எடுத்துப்போக வேண்டிய அன்று சாயங்காலமே கச்சேரி. காலையில் போர்மேனின் ஏசி அறையில் வைத்து, அவர் காயவைத்துக் கொடுத்திருந்த தோலைப் புதியதிலும் பழைய தோலைப் பழையதிலும் மாட்டித் திருகினேன். பிறகு நாலு பேர் பார்க்கட்டும் என்று இரண்டையும் வெளியே வெயிலில் வைத்தேன். மத்தியானம் அவர் வந்தபோது இரண்டு தோலும் பூரி மாதிரி உப்பியிருந்தன. விறைப்பாக நிற்கிறதே என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

அவர் குச்சியால் தட்டினார். டொக்கென்றது. திருகுகளைத் தளர்த்திப் பார்த்தார், இறுக்கிப் பார்த்தார். மறுபடி டொக். பழையதைத் தட்டினார். அதுவும் டொக். முகம் வெளுத்துப்போய், குனிந்து அடியில் கையைவிட்டுத் தடவினார்.

"பாய், இதுல ஒரு ஓட்டை இருந்துச்சே?"

"அடைச்சிட்டேன் சார், நீங்க சொல்லாமலே" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் கத்தவில்லை. "உள்ளே இருக்கிற காத்து சூட்டுல பெருகும். அது வெளியே போகத்தான் அந்த வழி" என்றார் மெதுவாக. கச்சேரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, யல்லா, சீக்கிரம் டிரில் எடுத்துவா என்றார்.

சொட்டு ஒழுகாத என் பாத்திரத்துக்கு நானே ஓட்டை போட்டேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது, தோல் அடங்கியது. பழையதற்கும் போட்டேன். அவர் தட்டியதும் கும்மென்று எழுந்த நாதத்தில் பட்டறையின் சுத்தியல்கள் எல்லாம் நின்றுவிட்டன.

போர்மேன் ஓடிவந்தார். "ஏன்டா, புதுச் சாமானுக்கு எதுக்கு ஓட்டை போட்டே?"

நான் டிரில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கோவாக்காரர்தான் குறுக்கே வந்தார். "சத்தமே அதுலதான் இருக்கு சாப். உங்க ஆளு சரியான இடத்துல போட்டிருக்கார்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்தியிருப்பேன்.

போர்மேன் அதை நம்பிவிட்டார். அதற்கப்புறம் எந்தக் கஸ்டமர் வந்தாலும், ஓட்டை போட்டு சத்தம் வரவழைத்தவன் என்று என்னைக் காட்டுவார். அவர் அந்தக் கதையை ஆரம்பித்தாலே நான் பக்கத்தில் நிற்கிற காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஒடுக்கு எடுக்கிறவனுக்குக் காருக்கு அடியில் என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.