அக்கா பதிவு செய்த காக்கைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரது நற்குணங்களைப் பட்டியலிட்டு எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். அப்படி எழுதினால் அக்காவே சிவப்பு மையால் அடித்திருப்பார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மயிலத்தை அடுத்த சிற்றூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. காலையில் களை எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு ஓடுவார். திண்டிவனத்தில் விலங்கியல் படித்து, விழுப்புரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியரானார். என்னையும் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் "மொதல்ல தம்பி ஒரு வேலைல ஒக்காரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டார்.

ஞாயிறானால் தொலைநோக்கியும் புளிசோறுமாகக் கழுவெளி ஏரிக்கு பஸ் ஏறிவிடுவார். எந்தப் பறவை எந்த வாரம் வந்தது என்று நோட்டில் எழுதுவார். அதன் குரலைச் செல்போனில் பதிவு செய்வார்.

"ஒரு நாளாவது ஊட்ல இரேன்டி" என்று அம்மா திட்டுவார்.

"ஞாயித்துக்கெழமைன்னு பறவைக்குத் தெரியுமாம்மா? எனக்குத்தானே அன்னிக்கு லீவு!"

நோய் முற்றிய கடைசி மாதத்தில் என்னிடம், "தம்பி, ஏரிக்கு வாத்துங்க வந்திருக்கும்டா. ஒரு தரம் கூட்டிக்கினு போயேன்" என்று கேட்டார். "ஒடம்பு தேறட்டும்க்கா, போலாம்" என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன், பாவி. அதன்பின் அவர் கேட்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் மதில்மேல் இலை போட்டுப் படைத்தோம். காக்கை வரவில்லை. தினமும் வடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் காக்கைகளில் ஒன்றுகூட அன்று தெருவிலேயே இல்லை. வெயில் ஏறி, சோறு காய்ந்தது.

"அவளுக்கு ஏதோ மனக்கொறை. காக்கா வாய் வெக்காம நான் பச்சத்தண்ணி தொட மாட்டேன்" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் சர்க்கரை நோயாளி. ஒரு மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. என்னைப் பார்த்து, "அந்த ஏரிக்கு இட்டுக்கினு போயிருக்கலாமேடா" என்றார்.

பறவையின் குரலைப் போட்டால் பறவை வரும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்படி அதை ஏமாற்றக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் முதல் பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது. அவரது செல்போனில் 'காக்கை' என்றிருந்த பதிவைப் பந்தல் ஸ்பீக்கரில் போட்டேன்.

அக்கா பேசினார்.

"மயிலம் ரோடு, காலை ஏழே கால். காக்கா ஒன்னு செத்துக் கெடக்குது. மத்ததெல்லாம் வந்துகினு இருக்குது. யாரும் பேசாதீங்க."

சித்தி கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. எந்தப் பதிவையும் அக்கா தன் குரலில் இடம், நேரம் சொல்லி, கூட நிற்பவர்களைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். பதற்றத்தில் அதை மறந்துபோனேன். நிறுத்தக் கை எழவில்லை. ஸ்பீக்கரில் காக்கைகள் கதறின. எங்கிருந்துதான் வந்தனவோ, மதில், வேப்பமரம், கேபிள் ஒயர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எங்கும் கருகருவென்று வந்து இறங்கின. பதிவு முடிந்ததும் அவையும் ஓய்ந்தன. அத்தனை காக்கைகளும் சத்தமே இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. இறந்த காக்கையைச் சுற்றி மற்றவை கூடுவது இயற்கைதான், எனக்கும் தெரியும். ஆனாலும் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. பிறகு ஒரே வீச்சில் எழும்பிப் பறந்துவிட்டன. இலையில் ஒரு பருக்கை குறையவில்லை.

"நான்தாம்மா ஏமாத்தி வரவெச்சேன். ஒன்னுகூடத் தின்னல" என்று அழுதேன்.

அம்மா மதிலை விட்டு என் பக்கம் திரும்பினார். "துக்கம் கேக்க வந்ததுங்கடா அதுங்க. எழவு ஊட்ல கை நனைக்குமா? போ, எனக்குச் சோறு போடு" என்றார்.

மருத்துவமனையில் அக்காவைத் தாங்கிப் பிடித்த செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அவரது பழைய மாணவர்களுக்கும், காரியத்துக்கு உதவிய தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பந்தலில் அக்கா "பேசாதீங்க" என்றதும், காக்கைகள் போகும்வரை மூச்சுவிடாமல் நின்றீர்களே, அதற்கும் நன்றி. அக்கா கேட்டதை நீங்களாவது செய்தீர்கள்.