மக்ரூன் தின்ற சோபா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஹாலில் முட்டி போட்டு சோபாவின் முன்னங்காலை நான் நக்கிக்கொண்டிருந்தபோது, என் கணவரின் தாய்மாமா உள்ளே வந்தார்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. நீங்களாக இருந்தாலும் நக்கியிருப்பீர்கள்.

முதலில் மக்ரூனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாம் தின்னும் மக்ரூன் இல்லை... நம்மைத் தின்னும் மக்ரூன். எங்கள் வீட்டு நாய்க்குட்டி. போன மழைக்கு, நான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீஸ் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, கூரான மூக்கு. நம் ஊர் பேக்கரிக் கண்ணாடிக்குள் கூம்பு கூம்பாக இருக்கும் மக்ரூன் ஒன்று எழுந்து வந்தது போலவே இருந்தது. வேறு என்ன பெயர் வைப்பது? கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வருகிற வழியிலேயே கைப்பையின் வாரைத் தின்றுவிட்டது. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்தது சோபா. என் கணவர் இதை வாங்கிய கதை தனிப் புராணம். திரேஸ்புரம் கடற்கரையில் யாரோ பழைய மீன்பிடி வள்ளம் ஒன்றைப் பிரித்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். "கடல்ல கெடந்த பலகைளா! இப்படி மரம் இனி கெடைக்குமா?" என்று வள்ளத்தில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆசாரியை வைத்து இழைத்து, வார்னிஷ் அடித்து, மூன்று பேர் உட்காருகிற சோபாவாக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர்கூட அந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் காபி குடித்ததில்லை.

"கரையான் தொடாது. கடல் புழு தொடாது. இது பாட்டுக்கு ஆயுசுக்கும் கெடக்கும்."

உண்மைதான். கரையான் தொடவில்லை. கடல் புழு தொடவில்லை. மக்ரூன் தொட்டது.

முதலில் இடது முன்னங்கால். பிறகு வலது. அப்புறம் கைப்பிடி... ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால், ஹால் முழுக்க மரத்தூள். நடுவில் மக்ரூன் மல்லாக்கப் படுத்திருக்கிறது. முகத்தில் கல்யாணப் பந்தியில் இருந்து எழுந்து வந்த திருப்தி.

என் கணவர் குனிந்து சோபாவின் காலைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது கூட மனிதர் இப்படிக் கலங்கவில்லை.

"ஏளா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்டுல ஒண்ணு சோபா இருக்கணும், இல்ல நாய் இருக்கணும். ஞாயித்துக்கிழம ஓட்டப்பிடாரத்துல இருந்து மாமா உளுந்து கொண்டுக்கிட்டு வாராரு. திரும்பிப் போவும்போது வண்டில இதை ஏத்தி விட்டுருவேன். தோட்டத்துல காவலுக்குக் கெடக்கட்டும்."

கவனித்தீர்களா? சோபா அல்லது நாய். பெண்டாட்டி அந்தப் போட்டியிலேயே இல்லை.

மகள் வேலைக்கென்று பெங்களூர் போன பிறகு, சாயங்காலம் நான் கதவைத் திறந்தால் எனக்காக எழுந்து வருகிற ஒரே ஜீவன் இந்த மக்ரூன்தான். இன்னொரு ஜீவன் சோபாவில் உட்கார்ந்தபடியே "வந்துட்டியா, காபி போடு" என்று சொல்லும். இந்த இரண்டில் எதை வண்டியில் ஏற்றுவது என்று என்னைக் கேட்டிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைத் திருத்திக் காட்டுவோம் என்று இறங்கினேன்.

கால்நடை டாக்டரிடம் போனேன். "பல்லு மாறுற வயசும்மா, ஈறு அரிக்கும். எதையாவது கடிக்கத்தான் செய்யும். ரப்பர் எலும்பு வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன். மக்ரூன் மிக மரியாதையாக அதை வாயில் வாங்கியது, சோபாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது, சோபாவைக் கடிக்க ஆரம்பித்தது.

குடும்ப வாட்ஸப் குரூப்பில் கேட்டேன். வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள். தடவினேன். ஒரு நாள் முழுக்கத் தும்மியது. மறுநாள் அதையும் சேர்த்து நக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

பக்கத்து வீட்டு பிலோமி அக்காவிடம் புலம்பினேன். "மிளகா வத்தலை அரைச்சுத் தடவுளா. பொறவு பாரு, அது அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது" என்றார். அரைத்து, கால், கைப்பிடி, உட்காருகிற ஓரம் என்று ஒன்று விடாமல் பூசினேன். வீட்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டேன். மனிதர் குளித்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு, பேப்பரோடு வந்து ஜம்மென்று உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பாத்ரூமில் வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர், சோபா முழுவதையும் சோப்புத் தண்ணீர் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்துக் கழுவினார். மிச்சம் இருந்த வார்னிஷும் போனது.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை, கோயம்புத்தூரில் இருந்து என் கல்லூரித் தோழி வந்தாள். உள்ளே நுழைந்ததும், "என்னடி, இன்னிக்கு மீன் குழம்பா?" என்றாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் ஏது? அடுப்பில் சாம்பார். நம் ஊர்க் கடற்காற்றே அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிறு வந்தது. மக்ரூனின் தட்டு, துண்டு, அந்த ரப்பர் எலும்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் "மாமாவுக்கு டிபன்" என்று கடைக்குப் போயிருந்தார். மக்ரூனோ, பிரிவுத் துயரம் எதுவும் இல்லாமல் சோபாவின் காலைக் கரகரவென்று கடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவி ஸ்டாண்டும் மரம்தான். சாப்பாட்டு மேசையும் மரம்தான். வாசலில் செருப்பு வைக்கும் ஷெல்ஃப், தலையணை, திரைச்சீலை... எதிலும் ஒரு பல் தடம் கிடையாது. வீடு முழுக்க மெல்லக் கிடக்க, இது ஏன் இந்த ஒரு சோபாவையே தின்கிறது?

"அப்படி என்னடி இருக்கு இதுல?" என்று கத்திக்கொண்டே முட்டி போட்டேன். மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது! பிறந்தது முதல் கருவாட்டுக் காற்றில் வளர்ந்த மூக்கு இது. மீன் வாடை இதற்கு ஒரு வாடையே இல்லை. மூக்கை நம்பிப் பயனில்லை என்று நாக்கை நீட்டினேன்.

உப்பு. உப்புக்குப் பின்னால்... கருவாடு. நல்ல, தரமான கருவாடு.

தலையைத் தூக்கினால், வாசலில் ஓட்டப்பிடாரத்து மாமா. தோளில் உளுந்து மூட்டை. அவருக்குப் பின்னால் இட்லிப் பொட்டலத்தோடு என் கணவர். சோபாவின் ஒரு காலில் மக்ரூன், இன்னொரு காலில் நான்.

மாமா மூட்டையை இறக்கவில்லை. திரும்பி என் கணவரைப் பார்த்தார்.

"ஏலே மருமவனே... நான் கூட்டிட்டுப் போவ வந்தது இதுல எதைல?"

நான் எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என் கணவரிடம் விசாரணையை ஆரம்பித்தேன்.

"இந்த மரத்தைக் கரையான் தொடாதுன்னு சொல்லுதியளே, ஏன் தொடாது?"

"அது வள்ளத்துப் பலகைல்லா..."

"வள்ளத்துப் பலகைன்னா?"

"வருஷா வருஷம் பூசுவாங்கள்லா..."

"என்னத்தை?"

குரல் இறங்கிப்போனது. "மீன் எண்ணெய்."

மக்ரூன் இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. காலம் காலமாக மீன் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் குடித்த பலகையைக் கொண்டுவந்து வீட்டு நடுவில் போட்டுவிட்டு, பல் முளைக்கிற நாய்க்குட்டியிடம் "தொடாதே" என்கிறோம். பிரியாணி அண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரதம் இருக்கச் சொன்னால் நீங்கள் இருப்பீர்களா? ஒட்டுமொத்தத் தெருவில் அந்த வாடையைக் கண்டுபிடித்தது இரண்டே பேர்: ஒன்று மக்ரூன், இன்னொன்று கோயம்புத்தூர்க்காரி. இரண்டு பேர் சொன்னதையும் நாங்கள் காதில் வாங்கவில்லை.

வீட்டில் எது தப்பாகப் போனாலும், வாயில்லாத ஒன்றைப் பிடித்துத் திருத்தக் கிளம்பிவிடுகிறோம். ஆசைப்பட்டு வாங்கிய சாமானைச் சந்தேகப்பட மட்டும் மனசு வருவதில்லை. எனக்கும்தான் வரவில்லை. நானும் வத்தல் அரைத்தவள்தானே.

மாமா சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை வெறுமனே ஓட்டிட்டுப் போவ முடியாதுல. நாய்க்குப் பதிலா அந்தச் சோபாவைத் தூக்கி வைங்க" என்றார். தூக்கி வைத்தோம். என் கணவர் தெருமுனை வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போய் வழியனுப்பினார்.

இப்போது எங்கள் ஹாலில் பாய்தான். முதல் இரண்டு நாள் மனிதர் மக்ரூனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பாயில் உட்கார்ந்து பேப்பர் படித்தவரின் மடியில் அது வந்து தலையை வைத்தது. தள்ளிவிடுவார் என்று பார்த்தேன். பேப்பரைத்தான் தள்ளி வைத்தார்.

நேற்று மாமாவிடம் இருந்து போன்.

"தாயி, இந்தச் சோபாவுல மனுசன் உக்கார முடியல. ஊர்ப் பூனை பூராவும் நம்ம வீட்டுலதான் கெடக்கு. வெரட்டினாலும் போவ மாட்டேங்கு. உங்க நாயைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பி வையேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் போனைப் பிடுங்கினார்.

"என்ன மாமா பேசுதிய? வீட்டுப் பிள்ளையை எவனாவது அனுப்புவானா?"

அந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளை வாசலில் அவருடைய புதுச் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.