தம்பி என்று அவள் கூப்பிட்ட கிடா

1. குழந்தைக்கு ஏழு வயது. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, அவள் தன்னிடம் இருக்க வேண்டும் என்று இருவருமே வழக்குப் போட்டிருந்தார்கள்.
2. யாரிடம் இருந்தால் அவளுக்கு நல்லது என்று பார்த்து எழுதித் தரும்படி குடும்பநல நீதிமன்றம் என்னை நியமித்தது.
3. அப்பா வீட்டில் ஒரு கிடா இருந்தது. அதை அவள் தம்பி என்று கூப்பிட்டாள்.
4. வழக்கில் பிள்ளை கிடைத்துவிட்டால் அந்தக் கிடாயைக் குலசாமிக்கு வெட்டுவதாக அத்தை நேர்ந்திருந்தார். பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குழந்தைக்குத் தெரியாது.
5. யாரோடு இருக்க ஆசை என்று கேட்டேன். தம்பியோடு என்றாள்.
6. அம்மா அவளிடம் உண்மையைச் சொன்னார். அது அம்மாவுக்கே எதிராகப் போனது.
7. தீர்ப்பு அப்பா பக்கம் வந்தது.
8. ஆடியில் கிடா வெட்டினார்கள்.

எந்த அறிக்கையை எழுதும் முன்பும் நடந்ததை இப்படி வரிசைப்படுத்திக்கொள்வேன். வரிசையில் விட்டுப்போவதைத் தனியாக எழுத வேண்டியிருக்கும். இந்த வழக்கில் விட்டுப்போனதுதான் அதிகம்.

நான் குழந்தை உளவியல் படித்தவள். வீடு அருப்புக்கோட்டையில். பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்காடும்போது எந்தப் பக்கமும் சேராத ஒருவர் இரண்டு வீட்டுக்கும் போய், பிள்ளையோடு பேசி, பிள்ளையின் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து எழுத வேண்டும். புருஷன் பெண்டாட்டியில் யார்மேல் தப்பு என்பது என் கேள்வி இல்லை. சில விதிகள் உண்டு. அவர்கள் வண்டியில் ஏறக்கூடாது. தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக்கூடாது. வழக்கு நடக்கும்போது பிள்ளையின் பதிலை மாற்றக்கூடிய எதையும் பிள்ளையிடம் சொல்லக்கூடாது.

அப்பாவின் வீடு நரிக்குடி தாண்டி, கண்மாயை ஒட்டிய ஊரில். அவர் பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடிக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வீட்டைப் பார்ப்பது அவருடைய அக்கா, அதாவது குழந்தையின் அத்தை. நான் போய் இறங்கியதும் காப்பி வந்தது. வேண்டாம் என்றேன்.

"ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சா கேஸு மாறிருமாக்கும்?" என்றார் அத்தை. "கலெக்டர் வந்தாலே குடிச்சிட்டுத்தான் போறாக."

தொழுவத்தில் குழந்தை கிடாய்க்குக் கருவேலங்காய் ஊட்டிக்கொண்டிருந்தாள். தாயாடு செத்துப்போன குட்டி. பால்பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். கறுத்த கிடா. காது நுனியில் ஒரு வெட்டு இருந்தது. அது என்ன என்று அவளிடம் கேட்டேன்.

"முள்ளு கிழிச்சிருச்சு. அத்தை மஞ்சள் வச்சு விட்டாக."

அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் அத்தை என் பக்கம் குனிந்தார்.

"முள்ளுமில்ல ஒண்ணுமில்ல மேடம். சாமிக்கு விட்டதுக்கு அடையாளம். புள்ள நம்மளோட தங்கிட்டா இவன வெட்டிப் பொங்க வைக்கிறேன்னு நேந்திருக்கேன்."

"பிள்ளை தங்கலைன்னா?"

"தங்கலைன்னா எதுக்கு வெட்டணும்? கெடக்கட்டும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"சின்னப் புள்ளைககிட்ட இதெல்லாமா சொல்லுவாக? ஆடுன்னா அறுக்கத்தான் செய்வாக. ஒருநா அழுவா. மறுநா நல்லி எலும்புக்குச் சண்ட போடுவா." அவர் சிரித்தார். அதில் வன்மம் எதுவும் இல்லை. பிள்ளைக்குத் தலைவாரி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது அவர்தான். அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு வேப்பமரத்தடியில் குழந்தையும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். வீட்டில் இருக்கிறவர்களை வரையச் சொன்னேன். கிடாயைப் பெரிதாக, நாலு காலும் தெரிய வரைந்தாள். அதன் பக்கத்தில் தன்னை. அத்தை அடுப்படியில், அப்பா வண்டியில்.

"அம்மா எங்கே?"

"அம்மா பஸ்ஸுல இருக்கு." தாளுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"உனக்கு யாரோட இருக்கணும்னு ஆசை?"

"தம்பியோட."

"அம்மாகிட்ட இருந்தா?"

"அங்க வீடு மாடியில இருக்கு. தம்பி படியேறிரும், எறங்கத் தெரியாது."

அம்மாவின் வீடு அருப்புக்கோட்டையில், கீழே விசைத்தறி ஓடும் ஒரு கட்டடத்தின் மாடியில். ஒரே அறை. பேசும்போது தரை அதிரும். அவர் மில்லில் வேலை பார்க்கிறார். குழந்தைக்கென்று ஒரு பாயும், பக்கத்துப் பள்ளியில் வாங்கி வைத்த விண்ணப்பமும் இருந்தன. நான் கேள்வியைத் தொடங்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"அந்தக் கெடா சங்கதி ஒங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"அவகிட்டச் சொல்லிறவா?"

"பிள்ளை மனசை மாத்துற மாதிரி ரெண்டு பக்கமும் எதையும் பேசக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கு."

"பொய்யில்லையே."

"பொய்யா நெசமான்னு உத்தரவுல இல்ல."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"நானும் சொல்லக்கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சவுக எல்லாம் வாய மூடிக்கிருவீக. தெரியாத புள்ளகிட்டப் போயி ஒனக்கு என்னா வேணும்னு கேப்பீக. நல்லாருக்கு ஒங்க படிப்பு."

அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் பிள்ளையும் திருச்சுழிக் கோயிலில் சந்திக்க ஏற்பாடு இருந்தது. அத்தை கூட்டிவந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் மாடி வீட்டுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறே அம்மா குழந்தையிடம் சொல்லிவிட்டார். நீ அங்கேயே இருந்தால் தம்பியை வெட்டிவிடுவார்கள், என்னோடு வந்துவிட்டால் வெட்டமாட்டார்கள் என்று. குழந்தை அலறிக்கொண்டு அத்தையிடம் ஓடினாள். அத்தை கோயிலுக்குள்ளேயே அவள் தலையில் கையை வைத்துச் சொன்னாராம்: "என் தங்கத்தோட தம்பிய யாருடி வெட்டுவா? பெத்தவ பேசுற பேச்சா இது!" அழுகிற பிள்ளையை அத்தை செல்போனில் வீடியோ எடுத்தார். அது வக்கீலிடம் போனது.

நான் இரண்டாவது தடவை போனபோது குழந்தை கிடாயின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தம்பிய வெட்டுவாங்களா?"

பிள்ளைகள் நேராகக் கேட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. பதில் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் மனதில் இருப்பது அப்போது வெளியே வரும்.

"உனக்கு என்ன தோணுது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வெட்ட மாட்டாங்க" என்றாள். "அம்மா பொய் சொல்லுது."

அதை அவள் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொண்டேன்.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. குழந்தையின் விருப்பம் அப்பாவைப் பற்றியது அல்ல, ஒரு ஆட்டைப் பற்றியது. அந்த ஆடு சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டது. அவள் கேட்டபடி நடந்தால் அவள் கேட்ட பொருள் இருக்காது. அம்மா சொன்னது உத்தரவை மீறிய பேச்சு, ஆனால் உண்மை. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் கிடாயைப் பிள்ளைக்கே விட்டுவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன்.

அப்பாவின் வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தினார்.

"அப்பா வீட்டில் இருக்க விருப்பம்னு குழந்தை சொன்னாளா?"

"ஆட்டோட இருக்கணும்னு சொன்னா."

"ஆடு யார் வீட்டுல இருக்கு?"

"அப்பா வீட்டுல."

"அம்மா பேச்சால குழந்தை பயந்தாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"பயந்தா."

"நீங்க ஆட்டுக்கறி சாப்பிடுவீங்களா மேடம்?"

"சாப்பிடுவேன்."

"அவ்வளவுதான் ஐயா," என்றார் நீதிபதியைப் பார்த்து. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். குழந்தையின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழகிய வீடு, பழகிய பள்ளி, பார்த்துக்கொள்ள ஆள் என்று தீர்ப்பில் காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. காரணங்கள் தவறானவை அல்ல. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு தொடரும் என்று இருந்தது. கிடாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆடி பிறந்ததும் அப்பா எனக்குப் போன் செய்தார்.

"மேடம், ஞாயித்துக்கெழம குலசாமிக்குக் கெடா வெட்டு. கட்டாயம் வந்துருங்க. ஒங்க ரிப்போட்டுனாலதான புள்ள கெடச்சா."

"பிள்ளையை அங்கே கூட்டிட்டுப் போகாதீங்க. அவ பார்க்கக்கூடாது."

"அதெப்டி மேடம்? வெட்டுறதே அவளுக்காகத்தான. அவ இல்லாம எப்டி?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீங்க வரலைன்னாலும் கறி குடுத்து விடுறேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

தீர்ப்புக்குப் பிறகு ஒருமுறை குழந்தையைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. அப்போதுதான் அத்தை நடந்ததைச் சொன்னார். அவருக்கு அதில் பெருமை.

"தம்பிக்குப் பூசைன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனோம். அவளே மாலை போட்டா. நேந்தது அவளுக்காகத்தான, அதனால அவ கையாலயே தண்ணி தெளிக்கச் சொன்னோம். தெளிச்சா பாருங்க, ஒரே ஒதறு! சாமி அப்பவே உத்தரவு குடுத்திருச்சு. செல கெடாயெல்லாம் ஒதறாம உசுர எடுக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வெட்டுனாக. இவ கத்துன கத்துல பூசாரியே பயந்துட்டாரு. காய்ச்ச வந்து கெடந்தா. பள்ளியொடம் போகல. கறி தொடல." கொஞ்சம் யோசித்தார். "நாங்க திங்கத் திங்க ஏன் வெட்டுனீக, ஏன் வெட்டுனீகன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் என்னத்தச் சொல்ல? ஒங்கம்மா வாய வச்சுட்டா, அவளுக்குக் கருநாக்கு, சாமி காதுல விழுந்திருச்சு, அதான் கேட்டு வாங்கிருச்சுன்னேன். அதுக்கப்புறம் கேக்கல."

குழந்தை தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறாயா என்று கேட்டேன்.

"போக மாட்டேன். அது சொல்லாம இருந்திருந்தா தம்பி இருந்திருக்கும்."

வழக்கு முடிந்திருந்தது. சொல்லக்கூடாது என்ற விதி இனி இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். அம்மா சொன்னதால் வெட்டவில்லை. அம்மா சொல்லும் முன்பே அத்தை அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டார். காதில் இருந்தது முள் கிழித்த காயம் இல்லை. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது, உன்னை எச்சரிக்கத்தான் சொன்னார்.

"ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான் முதல் தடவை வந்தப்பவே தெரியும்."

அவள் யோசித்தாள். ஏழு வயதுப் பிள்ளைகள் யோசிப்பது முகத்திலேயே தெரியும்.

"நான் கேட்டேன்ல அன்னைக்கு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "நீங்களும் பொய் சொல்றீங்க. அம்மா சொல்லிக் குடுத்துச்சா?"

உள்ளே போய் அத்தையின் பின்னால் நின்றுகொண்டாள். நான் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாக அத்தை அன்றே வக்கீலுக்குப் போன் செய்தார்.

இப்போதைய நிலை இது. குழந்தை அப்பா வீட்டில் இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், கறி மட்டும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டி வருகிறார்கள். அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அம்மாவிடம் பேசுவதில்லை. அந்த அம்மா மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறுகிறார். பிள்ளைக்கு விருப்பமில்லாததால் சந்திப்பையே ரத்து செய்ய வேண்டும் என்று அப்பாவின் பக்கம் மனு போட்டிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகச் சேர்த்திருப்பது என் அறிக்கையின் ஒரு வரி: "அம்மா பொய் சொல்லுது." புதிதாக ஒரு மதிப்பீட்டுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. என்னை மறுபடி நியமிக்க வேண்டாம் என்று இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்துவிட்டன. வேறொருவர் போவார். யாரோடு இருக்க ஆசை என்று அவளிடம் கேட்பார்.