முனீஸ்வரியின் கார்டில் இருந்த சொல்

ஒத்தக்கடை அடுக்குமாடிக் குடியிருப்பில், ஷெரின் டீச்சர் வீட்டில் முனீஸ்வரி பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். டீச்சரின் மாமியார் படுக்கையில் விழுந்ததும், சமையலுக்கும் துணைக்குமாக வண்டியூர் சூசையம்மாளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாதமே, கேட்டில் காட்டுவதற்கென்று, வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தபடி வேலையாட்களுக்கெல்லாம் படம் ஒட்டிய கார்டு வந்தது.

முனீஸ்வரிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் தன் பெயருக்குக் கீழே குட்டியாக ஒரு சொல்லும், சூசையம்மாள் பெயருக்குக் கீழே நீளமாக ஒன்றும் இருப்பது கண்ணில் பட்டது. இரண்டையும் செல்போனில் படம் பிடித்துப் போய், கல்லூரியில் படிக்கும் மகள் சத்யப்ரியாவிடம் காட்டினாள்.

“உனக்கு மெய்டுன்னு போட்டிருக்கும்மா. அவங்களுக்கு ஹவுஸ்கீப்பர்.”

“என்ன வித்தியாசம்?”

சத்யப்ரியா தயங்கினாள். “மெய்டுன்னா வேலைக்காரி. ஹவுஸ்கீப்பர்னா வீட்டையே பொறுப்பாப் பாத்துக்கிறவங்க.”

முனீஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று டீச்சருக்கே சொல்கிறவள் அவள். நேற்று வந்தவளுக்கா அந்த வீட்டுப் பொறுப்பு? சூசையம்மாள் வைத்த குழம்பின் வாசனைகூடப் பிடிக்காமல் போயிற்று. ஒரு சாயங்காலம், ஆணியில் தொங்கிய அவள் பையிலிருந்து கார்டை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வாட்ச்மேன் கருத்தக்கண்ணன் சூசையம்மாளை உள்ளே விடவில்லை. டீச்சரோ பள்ளிக்கூடம் போய்விட்டார். ஒரு மணி நேரம் அவள் வெயிலில் நின்றதை, பால்கனியில் துணி காயப்போட்டபடி முனீஸ்வரி பார்த்தாள். முதலில் இனித்தது. உள்ளே மாமியார் ஈரத்தில் கிடந்து “சூசை, சூசை” என்று அனத்தியது கேட்டது. பதினொரு வருஷத்தில் அந்தம்மா முனீஸ்வரியை இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துணி மாற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.

“அடுப்படியில கிடந்துச்சுக்கா,” என்று கார்டை நீட்டினாள்.

“நல்லவேளை முனீசு. முந்தி இருந்த வீட்டுல சர்வெண்டுன்னு எழுதிக் குடுத்தாக. பேரன் படிச்சுக் காட்டுனப்ப கூசிப்போச்சு. அதான் இந்தப் பேரை நானே டீச்சர்ட்டக் கேட்டு வாங்குனேன். நீயும் கேளு.”

டீச்சர் தானாகக் கொடுத்திருந்தால்கூட முனீஸ்வரி இம்புட்டுப் பொறாமைப்பட்டிருக்க மாட்டாள். இத்தனை வருஷத்தில் தனக்குக் கேட்க வாய் வரவில்லையே என்பதுதான் சுட்டது.

சாயங்காலம் கேட்டே விட்டாள். டீச்சர் முகம் சிறுத்தது. “எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்கன்னு எழுதிட்டேன் முனீஸ்வரி. மாத்தித் தாரேன்.”

அடுத்த வாரமே ஹவுஸ்கீப்பர் என்று மாற்றிக் கொடுத்தார். சூசையம்மாள் அதை வாங்கிப் பார்த்து, “இப்பத்தான் நல்லாருக்கு,” என்றாள். முனீஸ்வரி தலையாட்டினாள். பையிலிருந்து கார்டை எடுத்ததை மட்டும் அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.