ஓய்வெடுக்கத் தெரியாதவன் ஜப்பான் போன கதை

போன மாதம் ஜப்பானில் என் மனைவியைத் தொலைத்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை... ஒரு பின்னேரம் முழுக்க!

எங்கள் கடைக்குட்டி படிக்கவென்று பெர்லின் போய்விட்டாள். டுசல்டோர்ஃப் வீட்டில் இப்போது நானும் சுமதியும் மட்டும். அவள் வேலை செய்யும் பல் வைத்தியரிடம் வரும் ஜப்பானியப் பெண்மணி ஒருவர், தன் சொந்த ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சின்னக் கடற்கரை ஊர். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லையாம்.

"அதுதான் வேணும். போய் ஆறுதலா இருப்பம். ரெண்டு பேரும் மனம்விட்டுக் கதைச்சு எவ்வளவு காலம்!" என்றாள் சுமதி.

"ஓம்" என்றேன். ஓம் சொல்வது சுலபம். ஒரு வேலையும் இல்லாமல் ஆறுதலாக இருப்பது?

நான் பார்சல் கிடங்கில் லொறிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவன். ஒரு லொறி சும்மா நின்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்த ஊரிலோ எல்லாமே சும்மா கிடந்தன — படகுகள், பூனைகள், ஏன், கடல்கூட! சுமதி விடுதி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தாள். நான் வை-ஃபை தேடினேன்.

"வேறென்ன?" என்றாள்.

"வேறென்ன..." என்றேன்.

அதோடு சரி. பிள்ளைகளை விட்டால் பேச எங்களுக்கு விஷயமே இல்லையோ? அந்த நினைப்பு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் பஸ் ஏறுவேன்.

மறுநாள் மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பக்கத்து ஊர்க் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கக் கிளம்பினேன். அது பூட்டிக் கிடந்தது. திரும்பி வர அன்று பஸ்ஸும் இல்லை. போனிலும் சார்ஜ் இல்லை. நடந்தேன். சுமதி அழுதுகொண்டிருப்பாளே... போலீசுக்குப் போயிருப்பாளோ? வழியெல்லாம் மன்னிப்பு வசனம் ஒத்திகை வேறு.

விடுதி அறையில் ஆளில்லை. கடற்கரைக்கு ஓடினேன்.

அங்கே அலைதடுப்புச் சுவரில், விடுதிக்கார அம்மாவோடு உட்கார்ந்து சுட்ட கணவாய் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் தெரு முனைவரை கேட்டது.

"சுமதி! நீர் பயந்து போனீரோ?"

"இல்லையே. நீங்கள் இல்லாமல் நல்ல அமைதியா இருந்தது."

விடுதிக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார். கணவாய்த் தட்டை என் கையில் தந்துவிட்டு, மெல்ல எழுந்து போய்விட்டார்.

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது. "பயந்தது நான்தான். உம்மோட என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. அதான் ஓடினனான்."

அவள் என் கைத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியேல்லையப்பா. அதான் நித்திரை மாதிரிக் கிடந்தனான்."

அவ்வளவுதான்... சிரிக்கத் தொடங்கினோம். அப்படிச் சிரித்து எத்தனை காலம்! பிறகு மனம்விட்டுப் பேசினோமா? அதுவும் இல்லை. கணவாயைத் தின்று முடித்தோம். பேசாமல் இருந்தோம். பயமாக இல்லை.

இப்போது ஞாயிறுகளில் ரைன் ஆற்றங்கரையில் போய் உட்காருகிறோம். போன வாரம் நல்ல குளிர்.

"இஞ்சேருங்கோ, எழும்புவமோ?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் இரும்" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால்... நான்!