கண்ணியில் தொங்கிய கருவாடு

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து, கூலாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். இரண்டு பேருக்கும் பால்வெட்டு வேலை. ரப்பர் விலை விழுந்துபோனதால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலைக்குப் பெயர் போட்டார்கள். ஒரு நாள் சோறும் கருவாடும் தின்போம், மறுநாள் கருவாடும் சோறும் தின்போம். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குக் கறி ஆசை வந்தது.

"ஊர்ல கண்ணி வச்சு முயல் பிடிச்ச ஆளு புள்ள நான்," என்றார்.

"இங்க முயல் ஏதுங்க?"

"முயல் இல்லாட்டி என்ன, சருகுமான் இருக்குல்ல? ரெண்டும் ஒரே உசரம். காது மட்டும்தான் குறைச்சல்."

தோட்டத்தின் கடைசி நிரை தாண்டினால் காடு. அதன் ஓரத்தில், உதிர்ந்த பழங்களைத் தின்ன சருகுமான் வரும். பூனை அளவுதான் இருக்கும், கால்கள் பென்சில் மாதிரி.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊரில் எங்கள் கடலைக் காட்டைச் சுற்றி என் அண்ணன்களும் நானும் முயலுக்குக் கண்ணி வைத்திருக்கிறோம். எனக்கு விரல் மெலிசு என்று சுருக்குப் போடுவது என் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

கூலாய்ச் சீனர் கடையில், படம் மாட்ட விற்கிற மெல்லிய பித்தளைக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காட்டில் இருந்து பத்துக் கண்ணி வைத்தார். மூன்று வாரம் ஒரு எலிகூட விழவில்லை. முதல் வாரம் மழை காரணம். இரண்டாம் வாரம் பக்கத்து லயத்துக்காரர் இருமல் காரணம். மூன்றாம் வாரம், என் தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் வாசனை காட்டுக்குள் போய்விட்டதாம்.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்த பிறகு விறகுக்குப் போவது வழக்கம். அன்றைக்கு வேண்டுமென்றே கண்ணிகள் இருந்த பக்கம் போனோம். முதல் கண்ணியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கண்ணியை இழுக்க ஒரு இளமரத்தை வளைத்துக் கட்டுவார்கள். அது கட்டைவிரல் கனம் இருந்தால் போதும். இவர் தன் கை கனத்தில் ஒரு மரத்தை முறிகிற அளவுக்கு வளைத்து வைத்திருந்தார். அதைப் பிடித்து நிறுத்துகிற முளைக்குச்சியில் கொக்கி அப்படி இறுகிப் போயிருந்தது. நான் காலால் உதைத்தும் அசையவில்லை. சுருக்கோ என் முழங்கால் உயரத்தில் பளபளவென்று மின்னியது.

"அலமாக்! மான் குடை பிடிச்சிட்டே கீழ நடந்து போவும் போல," என்றார் அக்கா.

எனக்குக் கை துறுதுறுத்தது. கம்பியைக் கழற்றினேன். நாலு சுள்ளியைப் பற்றவைத்துத் தீயில் வாட்டி மினுக்கத்தைப் போக்கினேன். வாட்டினால் கம்பி இளகியும் கொடுக்கும். பிறகு சேற்றில் உருட்டி எடுத்தேன். மெலிந்த இளமரம் ஒன்றை வளைத்து, கையை விட்டால் துள்ளி எழுகிற அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டினேன். கொக்கியை முளையின் விளிம்பில், தொட்டால் நழுவுகிற மாதிரி நிறுத்தினேன். சுருக்கைத் தரையிலிருந்து நாலு விரல் மேலே, இரண்டு கை நுழைகிற அகலத்தில் வைத்தேன். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது எங்கடி கத்துக்கிட்ட?"

"சமைக்கிறப்ப," என்றேன்.

மறுநாளே விழுந்தது. அவர் மானைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். எங்கள் வீடு இந்தக் கோடியில்தான். நான் மிளகு அரைத்துக் குழம்பு வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு கண்ணியைத் திருத்தினோம். அதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயைப் பிடிக்க முடியவில்லை. கள்ளுக்கடையில் கம்பி வித்தை பற்றி தினமும் பேச்சு. ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிகூட வந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். அதுவரைக்கும் நான் ரசித்தேன். ஆனால் ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நாலு பேரிடம் சொன்னார்: "பொம்பளை கை பட்ட கம்பியில மிருகம் விழாதுண்ணே. அது ஒரு ராசி."

உள்ளே அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை கிராணியை அழைத்துப் போய்க் கண்ணி காட்டுவதாக ஏற்பாடு. சனி மத்தியானம் நாங்கள் போய், நல்ல கண்ணி ஒன்றைத் தட்டிவிட்டோம். துள்ளி எழுந்த கம்பியில் ஒரு கருவாட்டைச் செவுளோடு சேர்த்து இறுக்கித் தொங்கவிட்டோம். ஞாயிறு அவர்களுக்கு முன்னாலேயே போய் விறகுக்கட்டோடு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம்.

கிராணி வந்தார், கூட ஆறு பேர். கருவாடு காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னப்பா இது? மூவார் கடல்லேருந்து இதுவே நடந்து வந்துச்சா?"

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். ஒரு கணம், ஒரே கணம்தான், திகைத்தார்.

"இது இரைங்கய்யா," என்றார் நிதானமாக. "எல்லாருக்கும் சொல்றதில்ல. நீங்க கேட்டதால காட்டுறேன்."

"மான் கருவாடு தின்னுமா?"

"தின்னாது. ஆனா என்னமோ ஏதோன்னு பாக்க வரும். வந்தா விழும்."

கிராணி தலையாட்டினார். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அந்த வாரம் தோட்டத்தில் பாதிப் பேர் காட்டில் கருவாடு கட்டினார்கள். கடைக்காரரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு மானும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வாசனைக்கு உடும்பு வந்தது. உடும்பு சும்மாவா, கொழுத்த உடும்பு! லயம் முழுக்க உடும்புக் கறி வாசனை. என் வீட்டுக்காரரை எல்லோரும் கும்பிடாத குறை. எங்கள் வீட்டில்தான் கருவாடும் இல்லை, கறியும் இல்லை. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா வேணும் உனக்கு," என்றார் அவர்.

"எதுக்கு?"

"அந்தக் கருவாட்டுக்கு வால் இல்ல. முந்தின நாள் நான்தான் பிச்சுத் தின்னேன். நம்ம வீட்டுக் கருவாடு எனக்குத் தெரியாதா?"

"அப்ப மான்?"

"முதல் மான் விழுந்த அன்னைக்கே தெரியும். அவ்வளவு மெலிசுக் கொம்பை நான் வளைச்சதே இல்லையே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருப்பே. கறி கெடைக்குமா?"

தண்ணீர்ச் செம்பை எடுத்து எறியலாமா என்று நினைத்தேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஊரில் முயல் பிடித்தீர்களே என்று கேட்டேன். ஒன்றே ஒன்றாம். அதுவும் கிணற்றில் விழுந்து கிடந்ததாம்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். நான் கொக்கி மாட்டும்வரை அவர் கொம்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். பேசிக்கொண்டே பிடித்தார், பிடியை விட்டுவிட்டார். கொம்பு துள்ளி எழுந்ததில் அவர் தலைப்பாகை போய் மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. ஏறி எடுத்தவர், சிவப்பெறும்பு மொய்த்த உடம்போடு குதித்தார்.

மறுபடி கொம்பை வளைத்துக் கண்ணியை வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம். திங்கட்கிழமை அந்தக் கண்ணியில் நல்ல பருவ மான் ஒன்று விழுந்திருந்தது. யார் வைத்த கண்ணி என்று லயத்தில் கேட்டார்கள். "நான்தான்," என்றார் முதுகைச் சொறிந்துகொண்டே. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஈரல் முழுக்க என் தட்டில்தான் விழுந்தது.